கோவேறு கழுதை நடந்த கரையில் சைக்கிள்: சி அண்டு ஓ கால்வாய்க்கு முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் பக்கம் குடிவந்த நம்மவர்கள் பலர் வீட்டில் ஒரு சைக்கிள் கராஜ் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் வந்ததும் ஒரு சனிக்கிழமை ஆசையாக இறக்கி, காற்றடித்து, தெருமுனை தாண்டிப் பெரிய ரோட்டுக்குப் போவார்கள். ஒரு லாரி தோளை உரசுவதுபோல் போனதும் வீடு திரும்பி மறுபடி மாட்டிவிடுவார்கள். நானும் நாலு வருஷம் அப்படித்தான் இருந்தேன். பொடோமாக் ஆற்றங்கரையில் ஒரு கார்கூட வராத 297 கிலோமீட்டர் மண்பாதை இருக்கிறது, அது என் வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் தொடங்குகிறது என்பது எனக்குத் தெரிந்தபோது சைக்கிளின் டியூப் மக்கிப்போயிருந்தது.

அந்தப் பாதையில் முதன்முறை இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பந்தயக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

செசபீக் அண்டு ஓஹாயோ என்ற நீளமான பெயரை எல்லோரும் சி அண்டு ஓ என்றுதான் சொல்வார்கள். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனில் தொடங்கி மேரிலாந்து மலைப்பக்கம் கம்பர்லாந்து ஊரில் முடிகிற பழைய கால்வாய் அது. மைல் கணக்கில் 184.5. 1828 ஜூலை 4 அன்று தோண்ட ஆரம்பித்தார்கள். அதே நாளில்தான் பால்டிமோரில் பி அண்டு ஓ (பால்டிமோர் அண்டு ஓஹாயோ) ரயில்பாதைக்கும் அடிக்கல் நட்டார்கள். ரயில் 1842-லேயே கம்பர்லாந்தைத் தொட்டுவிட்டது. கால்வாய் போய்ச்சேர்ந்தது 1850-ல். பிறந்தநாளிலேயே தோற்றுப்போன கால்வாய் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனாலும் நிலக்கரிப் படகுகள் 1924 வரை ஓடின. அந்த வருஷத்து வெள்ளத்தோடு கதை முடிந்தது.

படகுகளைக் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுத்தன. அவை நடந்த கரைதான் நாம் இப்போது சைக்கிள் ஓட்டப்போகிற பாதை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பாதையின் குணம் முழுக்க இதில் இருக்கிறது. கழுதை மூச்சிரைக்காமல் நடப்பதற்காகப் போட்ட கரை என்பதால் மேடு பள்ளமே இல்லை. கடைசிவரை போனாலும் மொத்த ஏற்றம் 605 அடிதான். அதுவும் 74 லாக்குகளில் படிப்படியாகப் பிரிந்திருக்கிறது. லாக் என்றால் இரண்டு பக்கமும் மரக்கதவு போட்ட கல்தொட்டி. படகை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றி அல்லது இறக்கி, அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். சைக்கிளில் போகும்போது ஒவ்வொரு லாக் பக்கத்திலும் இருபது முப்பது மிதிக்கு ஒரு சின்ன ஏற்றம் வரும், மறுபடி சமதளம். மேற்கே போகிறவர்களுக்கு ஏற்றமே அவ்வளவுதான்.

இந்தப் பாதையும் தார்ரோடாகப் போகவேண்டியதுதான். கால்வாயை மூடி அதன்மேல் கார் ரோடு போடலாம் என்று 1950-களில் ஒரு திட்டம் இருந்தது. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் தலையங்கமே அதை ஆதரித்து எழுதியது. உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், ‘என்னோடு நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்’ என்ற பொருளில் அந்த ஆசிரியர்களுக்குச் சவால் விட்டார். 1954 மார்ச்சில் கம்பர்லாந்திலிருந்து நடை தொடங்கியது. எட்டு நாள் கழித்து முழுத்தூரமும் நடந்து முடித்தவர்கள் அவரோடு சேர்த்து ஒன்பது பேர்தான். ரோடு வரவில்லை. 1971-ல் கால்வாய் தேசியப் பூங்கா ஆனது. இப்போது பூங்கா ஊழியர்களின் வண்டி எப்போதாவது வரும். மற்றபடி நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், சில இடங்களில் குதிரை.

டயர்தான் எல்லாம்

‘என்ன சைக்கிள் வாங்கணும்?’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்ன டயர் என்று கேட்பதுதான் சரி. என் முதல் முயற்சியில் ஒல்லி டயர் போட்ட ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு, முந்தின இரவு மழை பெய்ததைப் பொருட்படுத்தாமல் கிளம்பினேன். ஆறாவது மைலில் டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் களிமண் அப்பி சக்கரமே சுற்றவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணை நோண்டினேன். ஐம்பது அடி போனேன். மறுபடி நோண்டினேன். எதிரே நாயோடு நடந்துவந்த பாட்டி நின்று பார்த்துவிட்டு, பையிலிருந்து ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் எதற்கு அதை வைத்திருந்தார் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் நல்ல குச்சி.

டயர் குறைந்தது 35 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். 40-லிருந்து 45 இருந்தால் சொகுசு. கிராவல் சைக்கிள் என்று தனியாக விற்கிறார்களே, அது வளைந்த ஹேண்டில்பாரும் அகல டயரும் உள்ள சைக்கிள், அவ்வளவுதான். இருக்கிற ஹைபிரிட் சைக்கிளோ (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது) பழைய மவுண்டன் சைக்கிளோ இந்தப் பாதைக்கு அதே வேலையைச் செய்யும். முதல் வருஷமே ஆயிரக்கணக்கில் டாலரைக் கொட்டாதீர்கள்.

அடுத்தது காற்று. டயர் கல்லுமாதிரி இருந்தால்தான் வேகம் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சைக்கிள் கடைக்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டார். தார்ரோட்டுக்கு அது சரி. பொடிக்கல்லிலும் வேரிலும் அப்படி ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து தட்டும். 70 கிலோ ஆள், 40 மில்லிமீட்டர் டயர் என்றால், டியூப் போட்ட சக்கரத்துக்கு 40-லிருந்து 45 பி.எஸ்.ஐ. (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு) போதும். உள்ளே டியூபே இல்லாத டியூப்லெஸ் டயர் என்றால் 30, 35. முன்சக்கரத்தில் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். ரொம்பவும் குறைத்தால் வேர்மேல் ஏறும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். உங்களுக்கு எது சரி என்பதை அந்தப் பாதையிலேயே நின்று, கொஞ்சம் இறக்கி, ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

மட்கார்டு இருந்தால் கழற்றாதீர்கள். மழைக்கு மறுநாள் முதுகில் சேற்றுக்கோடு விழாமல் காப்பாற்றும். மணி கட்டாயம். இந்தப் பூங்காவின் விதியே அது. உபரி டியூப் ஒன்று, டயர் நெம்பி, சின்ன பம்ப், அப்புறம் திருகு முடுக்க ஆறுமுனைச் சாவிகள் (ஆலன் கீ). பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டால் டியூப் மாற்றவாவது வீட்டில் ஒருமுறை பழகிவிட்டுப் போங்கள். கூப்பிட்டால் வருகிற தூரத்தில் கடை இருக்காது. பேடு வைத்த ஷார்ட்ஸ் வெட்கப்படுகிற விஷயமில்லை. அதற்குள் ஜட்டி போடக்கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

முதல் நாள்: பிரன்ஸ்விக்கிலிருந்து ஹார்ப்பர்ஸ் ஃபெரி

எல்லோரும் கிரேட் ஃபால்ஸில் ஆரம்பிக்கிறார்கள். அருவி அழகுதான். ஆனால் வார இறுதியில் அங்கே கல்யாண வீடு மாதிரி கூட்டம், நுழைவுக் கட்டணமும் உண்டு. புதிதாக ஓட்டுகிறவர் ஒவ்வொரு ஐந்து நிமிஷமும் இறங்கி ஏறவேண்டியிருக்கும். நான் சொல்வது ஜார்ஜ்டவுனிலிருந்து எண்ணினால் 55-ஆவது மைலில் இருக்கும் பிரன்ஸ்விக். ரயில் ஊர். காரை நிறுத்திவிட்டு தண்டவாளத்தைத் தாண்டினால் பாதை. அங்கிருந்து மேற்கே ஹார்ப்பர்ஸ் ஃபெரி நடைபாலம் சுமார் 9 கிலோமீட்டர். போகவர 18. நின்று நின்று போனாலும் அரைநாள்.

இடதுபக்கம் ஆறு, வலதுபக்கம் வற்றிப்போய் மரம் முளைத்த கால்வாய். நடுவில் வண்டித்தடம் போல இரண்டு கோடு, அவற்றுக்கிடையே புல். மேலே சிக்கமோர் மரங்கள் பந்தல் போட்டிருக்கும். கல்லணைக் கால்வாய்க் கரையில் ஓட்டியவர்களுக்கு இந்த நிழல் பழகினதுதான், பூவரசுக்குப் பதிலாக வெள்ளைப்பட்டை மரம். வழியில் வரும் ஏதாவது ஒரு லாக்கில் இறங்கி மூலைக்கல்லைத் தொட்டுப் பாருங்கள். நம்மூர்க் கிணற்றுச் சுவரில் கயிறு அறுத்த தடம் இருக்குமே, அதேபோல் விரல் நுழைகிற பள்ளம் இருக்கும். பல்லாண்டு படகுக்கயிறு உரசி உண்டான தடம்.

ஓட்டும்போது கவனிக்க நாலு விஷயம்தான். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, ஐந்தாறு மீட்டர் முன்னால் இருக்கவேண்டும். பார்க்கிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும், குழியையே முறைத்துப் பார்த்தால் குழியில்தான் விழுவீர்கள். கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் தளர்த்திப் பிடியுங்கள். வேர் வரும்போது இரண்டு பெடலையும் சமமாக நிறுத்தி, சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள், முழங்கால் அடியை வாங்கிக்கொள்ளும். பொடிக்கல்லில் முன்பிரேக்கைத் திடீரென்று பிடிக்கவே கூடாது. சரி, இது நாலாகிவிட்டது. ஐந்தாவதாக ஒன்று: ஈரமான வேரைக் குறுக்கே நேராகத் தாண்டுங்கள், சாய்வாக ஏறினால் சக்கரம் வழுக்கும்.

வேகம் மணிக்கு 15 மைலுக்கு மேல் கூடாது என்று விதி. அந்த வேகம் உங்களுக்கு வரப்போவதுமில்லை. தார்ரோட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவர் இங்கே 14, 15 போவார். திட்டம் போடும்போது இதை மறக்கிறவர்கள்தான் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடவேண்டியது நாம். தூரத்திலேயே மணியடித்து, மெதுவாகி, ஒரு ‘ஹலோ’ சொல்லித் தாண்டுங்கள். குதிரை வந்தால் நின்றேவிடுங்கள்.

ஹார்ப்பர்ஸ் ஃபெரி எதிர்க்கரையில், வெஸ்ட் வர்ஜீனியாவில் இருக்கிறது. ரயில்பாலத்தோடு ஒட்டிய நடைபாலத்துக்கு இரும்பு வளைபடி ஏறவேண்டும். மூட்டை கட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுவது பாவம் செய்தவர்களுக்கான தண்டனை. முதல் நாளில் கீழேயே பூட்டிவிட்டு நடந்து போங்கள். ஷெனண்டோவா ஆறு பொடோமாக்கில் கலக்கும் இடத்தைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். 1859-ல் அடிமை முறைக்கு எதிராக ஜான் பிரவுன் ஆயுதக்கிடங்கைப் பிடித்தது இந்த ஊரில்தான். காபி குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

சோறு, தண்ணீர்

வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் தெம்புக்காகச் சர்க்கரை ஜெல் பாக்கெட்டை உறிஞ்சுவார்கள். எனக்கு இதுவரை புளிசாதத்தைத் தோற்கடிக்கும் ஒன்று கிடைக்கவில்லை. காலையில் கட்டினால் மாலைவரை கெடாது, உப்பும் இருக்கிறது, வேர்க்கடலையும் இருக்கிறது. எலுமிச்சை சாதமும் தாங்கும். தயிர்சாதம் ஜூலையில் வேண்டாம், ஒருதரம் பட்டது போதும். கைப்பையில் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். பசிப்பதற்கு முன்பே கொறித்துக்கொண்டிருக்கவேண்டும்.

தண்ணீர் இரண்டு லிட்டராவது சுமந்து போங்கள். இரவு தங்கும் முகாம்களில் நம்மூர் அடிபம்பு மாதிரியே இருக்கும், அயோடின் கலந்த தண்ணீர் வரும். நிறமும் வாசமும் கொஞ்சம் மருந்துக்கடை மாதிரி இருக்கும், குடிக்கலாம். குளிர்காலத்தில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் சில பம்புகள் அவ்வப்போது ஓடாது. அதனால் ஒரு பம்பை நம்பிப் பாட்டிலைக் காலி செய்யாதீர்கள். குப்பைத்தொட்டி இந்தப் பூங்காவில் கிடையாது. கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவரவேண்டும், எலுமிச்சைத்தோல் உட்பட.

முழுத்தூரம் போக ஆசை வந்தால்

இரண்டு மூன்று அரைநாள் பயணம், ஒரு முழுநாள் 50 கிலோமீட்டர், பிறகு ஒரே ஒரு இரவு தங்கல். இந்த வரிசையில் போனால் அடுத்த வசந்தத்தில் முழுப்பாதைக்கு நீங்கள் தயார். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை ஆகஸ்டில் புழுக்கமும் கொசுவும்.

கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் நோக்கி வாருங்கள். இறக்கம் என்று சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் முடிகிற இடம் வீட்டுப்பக்கம் என்பது பெரிய தெம்பு. போவதற்கு வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஆம்ட்ராக் ரயில் இருக்கிறது. சைக்கிளைப் பெட்டியில் அடைக்காமல் அப்படியே ஏற்றலாம், ஆனால் அதற்குத் தனி முன்பதிவு வேண்டும். இடம் கொஞ்சம்தான், வசந்தகால வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் ரயிலைப் பிடித்துவிட்டு அப்புறம் அலுவலகத்தில் லீவு கேளுங்கள்.

ஆறு நாள் வையுங்கள். மூன்று நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், முடித்துவிட்டு என்ன பார்த்தார்கள் என்று கேட்டால் செயின் என்பார்கள். முதல் நாள் கம்பர்லாந்திலிருந்து பா பா ஊர் வரை 46 கிலோமீட்டர். இரண்டாம் நாள் ஹேன்காக், 51. மூன்றாம் நாள் வில்லியம்ஸ்போர்ட், 40. நாலாம் நாள்தான் நீளம், ஹார்ப்பர்ஸ் ஃபெரி வரை 63. ஐந்தாம் நாள் எட்வர்ட்ஸ் ஃபெரி பக்கம் 48, கடைசி நாள் 50. ஐந்தாம் இரவைத் தவிர மற்ற இடங்களில் ஊர் இருக்கிறது, அறை எடுக்கலாம். கூடாரம் என்றால் ஐந்து, பத்து மைலுக்கு ஒரு முகாம். இலவசம், முந்துகிறவருக்கு இடம், ஒரு முகாமில் ஓர் இரவு. மேஜை, அடுப்புக்குழி, தற்காலிகக் கழிப்பறை உண்டு. லாக் காவலர்கள் வாழ்ந்த பழைய கல்வீடுகள் சிலவற்றையும் வாடகைக்கு விடுகிறார்கள். எட்வர்ட்ஸ் ஃபெரியிலும் ஒன்று உண்டு.

பா பா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சுரங்கத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். 3,118 அடி நீளம். ஆற்றின் வளைவுகளைச் சுற்றாமல் இருக்க மலையைக் குடைந்தார்கள். 1836-ல் தொடங்கிய வேலை 1850-ல்தான் முடிந்தது. உள்ளே விளக்கு கிடையாது. சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, அதற்கப்பால் கறுப்பாக நிற்கிற தண்ணீர். நடுவில் போய் டார்ச்சை ஒரு நிமிஷம் அணைத்துப் பாருங்கள். தலைக்குமேல் செங்கல்லிலிருந்து ஒரு சொட்டு விழும் சத்தம் சுவரெல்லாம் ஓடித் திரும்பிவரும். எதிர்முனை வெளிச்சம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் தெரியும். இந்த ஒற்றைப்படகு வழியில் இரண்டு படகுக்காரர்கள் நேருக்குநேர் வந்து, யாரும் பின்வாங்க மறுத்து நாள்கணக்கில் நின்றார்கள் என்றும், கடைசியில் பச்சைச் சோளத்தட்டையைக் கொளுத்திப் புகைபோட்டுக் கிளப்பினார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நம்மூர் ஒற்றைவழிப் பாலங்களைப் பார்த்தவர்கள் சட்டென்று நம்பிவிடுவார்கள்.

அந்த ஊருக்குப் பெயர் தந்த பா பா, நாம் நினைக்கிற பப்பாளி இல்லை. சீத்தாப்பழத்தின் உறவு. கரையோரம் காட்டுமரமாக நிற்கும், செப்டம்பரில் பழுத்து விழும். வாழைப்பழமும் மாம்பழமும் கலந்த ருசி, கொட்டையும் சீத்தாக்கொட்டை மாதிரியே. வெறும் வயிற்றில் நிறையச் சாப்பிடாதீர்கள், புரட்டும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் மழை பிடித்தால் கவலை வேண்டாம். லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து ஹேன்காக் வழியாக பிக் பூல் வரை பழைய ரயில்பாதையைத் தார் போட்டு சைக்கிள்பாதை ஆக்கியிருக்கிறார்கள், லிட்டில் ஆர்லியன்ஸ் பக்கம் ஒரு சின்ன இடைவெளியில் மட்டும் கரைக்கே இறங்கவேண்டும், மற்றபடி கால்வாய்க்கு இணையாகவே ஓடுகிறது. கரை சேறானால் அதில் ஏறிக்கொள்ளலாம், அதிலும் கார் வராது. வில்லியம்ஸ்போர்ட் தாண்டியதும் பிக் ஸ்லாக்வாட்டர் வரும். அங்கே பாறை ஆற்றோடு ஒட்டி நிற்பதால் கால்வாய் வெட்டவே முடியவில்லை, படகுகள் ஆற்றிலேயே போயின. இப்போது பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கான்கிரீட் நடைபாதை. என்னைக் கேட்டால் முழுப்பாதையிலும் இதைவிட அழகான நாலைந்து கிலோமீட்டர் கிடையாது.

பயப்படவேண்டியவை

கரடியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உண்ணியைப் பற்றிக் கேளுங்கள். இங்குள்ள மான்உண்ணி லைம் நோயைப் பரப்பும். புல்லில் உட்கார்ந்தாலும், புதர்ப்பக்கம் ஒதுங்கினாலும் இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது எல்லாம் வேண்டாம். மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவி கரை முழுக்க உண்டு, தொட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். சைக்கிளைச் செடிமேல் சாய்த்துவிட்டு அப்புறம் கையால் தொட்டாலும் அதே கதிதான்.

ஆற்றில் இறங்காதீர்கள். மேலே கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் இழுப்பு. கிரேட் ஃபால்ஸ் பக்கம் குளிக்கவே தடை. ஹேன்காக்குக்கு மேற்கே பல இடங்களில் போன் சிக்னல் வராது, வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், எந்த மைல்கல் தாண்டினோம் என்பதையும் மனதில் வையுங்கள். உதவி கேட்டால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பெருமழைக்குப் பின் ஆறு கரையேறினால் பாதையை மூடிவிடுவார்கள். கிளம்புகிற காலையில் பூங்காவின் இணையதளத்தில் மூடல் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கடைசி நாள் ஜார்ஜ்டவுனில் பூஜ்ய மைல்கல்லைத் தேடி எல்லோரும் அலைவார்கள். ஆற்றோரப் படகுக் கொட்டகைக்குப் பின்னால், கால்வாய் ஆற்றில் சேரும் மூலையில் இருக்கிறது. அங்கே மெட்ரோ நிலையம் கிடையாது. ஃபாகி பாட்டம் நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் போல உருட்டிக்கொண்டு போங்கள். மெட்ரோவில் எந்த நேரமும் சைக்கிளை ஏற்றலாம், ஆனால் எஸ்கலேட்டரில் கூடாது, லிஃப்டில்தான் இறங்கவேண்டும். பெட்டியின் நடுக்கதவில் ஏறாதீர்கள். காய்ந்த சேற்றை வெளியிலேயே தட்டிவிட்டு ஏறுங்கள், ஐஸ்கிரீம் குச்சி இருந்தால் நல்லது.